டொர்னேடோவைத் துரத்தும் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்தப் படங்களைப் பற்றி எழும் கேள்விகள் இரண்டு. ஒன்று: டொர்னேடோ (மேகத்திலிருந்து மண்வரை இறங்கும் சுழல்காற்றுத் தூண்) படங்களில் கதை ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு கூட்டம் வண்டியேறிப் போகிறது, காற்று வருகிறது, கூரை பறக்கிறது, தப்பித்தவர்கள் அடுத்த காற்றைத் தேடிக் கிளம்புகிறார்கள். அப்படியிருந்தும் 1996இல் வந்த ‘ட்விஸ்டர்’ உலகெங்கும் 49 கோடி டாலர் வசூலித்தது எப்படி? 28 ஆண்டுகள் கழித்து ‘ட்விஸ்டர்ஸ்’ என்று வந்தபோதும் ஏன் கூட்டம் கூடியது? இரண்டு: இந்தப் படங்கள் காட்டுவதில் எவ்வளவு நிஜம்?

முதல் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்தபடி ஆபத்தைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஓர் இன்பம் இருக்கிறது என்று. தவறில்லை. ஆனால் பேய்ப் படத்துக்கும் அதே பதில், சுறாப் படத்துக்கும் அதே பதில். டொர்னேடோ படம் பார்க்கும்போது மட்டும் வருகிற அந்தக் குறிப்பிட்ட கிளர்ச்சியை அது தொடுவதே இல்லை.

என் கருத்து இது: பேரழிவுகளில் தலை முதல் கால் வரை ஒரே பார்வையில் பார்க்க முடிகிற ஒன்று டொர்னேடோ. நிலநடுக்கத்துக்கு உருவம் கிடையாது; ஆடும் விளக்கையும் விரியும் சுவரையும்தான் காட்ட முடியும். கடலிலிருந்து வரும் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம். உள்ளே நிற்பவருக்கு மழையும் இருட்டும்தான் தெரியும், அதன் வடிவத்தைப் பார்க்க செயற்கைக்கோள் வேண்டும். எரிமலை இருந்த இடத்தை விட்டு அசையாது. டொர்னேடோவுக்கோ தலை மேகத்தில், கால் மண்ணில். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றால் மொத்தமும் கண்ணுக்குள் அடங்கும். நகரும், வளையும், பருக்கும், கயிறாக மெலியும். செம்மண் நிலத்தில் போனால் சிவக்கும். பின்னால் வெளிச்சம் இருந்தால் கறுக்கும். முன்னால் வெயில் பட்டால் வெளுக்கும். பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்குள் முடிந்தும்விடும், ஒரு சினிமாக் காட்சியின் நீளம். கேமராவுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் மருட்கை, அதாவது வியப்பு, நான்கு வழியாகப் பிறக்கும் என்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு கண்டிராதது, அளவில் மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. டொர்னேடோ நான்கையும் ஒரே இடத்தில் செய்துகாட்டுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயர மேகம், அதிலிருந்து தொங்கும் மெல்லிய நூல், அந்த நூல் தரையைத் தொட்டதும் தூணாக மாறுவது. அச்சத்துக்கும் அதே நூல் நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). நல்ல டொர்னேடோ படம் மருட்கையில் தொடங்கி அச்சத்துக்குப் போகும். சுமாரான படம் அச்சத்திலேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடும்.

காற்றை விலங்காக்குவதில் ஹாலிவுட்டுக்குத் தனி ஆசை. ‘ட்விஸ்டர்’ படத்தின் டொர்னேடோ உறுமும், முனகும். ஒட்டகத்தின் முனகலைப் பதிவுசெய்து மெதுவாக்கி அந்த ஒலியைச் செய்தார்கள். நிஜ டொர்னேடோவின் அருகில் இருந்தவர்கள் சொல்வது அருவியின் இரைச்சலையோ, சரக்கு ரயில் கடப்பதையோதான். மூச்சுவிடும் மிருகத்தை அல்ல. ஆனால் திரையரங்கில் அந்த முனகல் முதுகுத்தண்டில் இறங்கியது என்பதை மறுக்க மாட்டேன்.

கணினி வரைகலை வந்த பிறகுதான் இதெல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் டொர்னேடோ 35 அடி நீளமுள்ள ஒரு மஸ்லின் துணிக்குழாய். மேலே ஓடும் கிரேனில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்முனையைத் தனியாக நகர்த்தி, புழுதியைக் கிளப்பிப் படமெடுத்தார்கள். இன்றும் அது பொய்யாகத் தெரிவதில்லை. வெறும் துணியைக் கொண்டே நம்பவைக்க முடிந்தது என்றால், மெதுவாக நெருங்கும் அந்த வடிவத்துக்கே பாதி வேலை தெரிகிறது என்றுதான் அர்த்தம்.

சரி, வடிவம் மட்டும் போதுமா? போதாது. ஓட்டம் எந்தத் திசையில் என்பதும் முக்கியம். மற்ற பேரழிவுப் படங்களில் மனிதர்கள் தப்பி ஓடுகிறார்கள். விஞ்ஞானி எச்சரிக்கிறார், அதிகாரி கேட்பதில்லை, குடும்பம் பிரிகிறது, சேர்கிறது. அங்கே நாயகர்களுக்கு வேறு வழி கிடையாது, மாட்டிக்கொண்டவர்கள். புயலைத் துரத்தும் ஸ்டார்ம் சேஸர்களோ எல்லோரும் ஓடி வருகிற சாலையில் எதிர்ப்பக்கம் போகிறவர்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த நிமிடமும் வண்டியைத் திருப்பலாம். திருப்பாமல் இருப்பதுதான் கதை. ‘ட்விஸ்டர்’ இயக்குநர் யான் டி பான்ட் அதற்கு முன் எடுத்தது, நிற்க முடியாத பேருந்தைப் பற்றிய ‘ஸ்பீட்’. துரத்தலின் தாளம் அவருக்குக் கைவந்த கலை. வசனம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் (சில இடங்களில் மிகவும் மட்டம்) படம் தொய்வதில்லை.

இந்தப் படங்களுக்குள் இன்னொரு சுகமும் ஒளிந்திருக்கிறது: தொழில் தெரிந்தவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும் சுகம். பழைய வேன்கள், கசமுசா என்று பேசும் ரேடியோ, மடித்து மடித்துக் கிழிந்த வரைபடம், வானத்தைப் பார்த்துவிட்டு ‘இடதுபக்கம் போ’ என்று சொல்கிற ஒருவர். அவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பது நமக்குப் புரியாது, புரியாததுதான் கவர்ச்சி. அந்த வித்தை நிஜத்திலும் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று தரையை ஒட்டி வருகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுகின்றன. அந்த மாற்றத்தால் காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்குகிறது. கீழிருந்து வேகமாக எழும் காற்று அந்த உருளையை நிமிர்த்தி நிறுத்த, இடிமேகம் முழுவதுமே மெதுவாகச் சுழல்கிறது. இதற்குப் பெயர் சூப்பர்செல். அதன் அடியில் மழை பெய்யாத பகுதியில் ஒரு மேகச் சுவர் தாழ்ந்து இறங்கிச் சுழல ஆரம்பித்தால், சேஸர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தினாலும், பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னேடோவைப் பெறுவதில்லை. அருகருகே ஒரே மாதிரி இரண்டு மேகங்கள். ஒன்று இறக்குகிறது, மற்றது ஏமாற்றுகிறது. ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் விடுக்கப்படும் டொர்னேடோ எச்சரிக்கைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பொய்த்துப்போவதும், மெய்யாகும்போது கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்களே என்பதும் இதனால்தான். இந்தப் புதிரை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

படங்களின் அஸ்திவாரத்தில் உண்மை வரலாறும் இருக்கிறது. ‘ட்விஸ்டர்’ குழு டொர்னேடோவின் பாதையில் வைக்கத் துடிக்கும் கருவியின் பெயர் டோரதி. நிஜத்தில் 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் டோட்டோ என்ற பீப்பாய் வடிவக் கருவியை இதே நோக்கத்துடன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தார்கள். டோரதி ஓஸ் கதையின் சிறுமி, டோட்டோ அவளுடைய நாய். நிஜ டோட்டோவுக்கு அதிர்ஷ்டம் இல்லை. எந்த டொர்னேடோவும் அதன்மேல் நேராகக் கடக்கவில்லை. ஒருமுறை ஒன்றின் ஓரம் பட்டதும் உயரமான அந்தக் கருவி சாய்ந்து விழுந்தது. சில ஆண்டுகளில் முயற்சியைக் கைவிட்டார்கள். அதைச் சாதித்தவர் டிம் சமராஸ் என்ற பொறியாளர். தரையோடு ஒட்டிய தட்டைக் கூம்பாக ஒரு கருவியைச் செய்து, 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரருகே சாலையில் வைத்துவிட்டு விலகினார். டொர்னேடோ அதன்மேல் கடந்தது. காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததைக் கருவி பதிந்தது. அந்தச் சிற்றூர் அழிந்தது.

இனி, பொய்கள். முதல் பெரிய பொய் நேரம். நிஜத் துரத்தல் என்பது காலையில் வானிலை வரைபடங்களைப் பார்ப்பது, பல நூறு கிலோமீட்டர் ஓட்டுவது, பெட்ரோல் பங்கில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பது, மேகம் கலைந்ததும் திரும்பி ஓட்டுவது. படம் அந்தக் காத்திருப்பை வெட்டி எறிந்துவிட்டு ஒரே நாளில் நாலைந்து டொர்னேடோக்களை வரிசையாக நிறுத்துகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்பை அப்படியே காட்டினால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

இரண்டாவது, எண். திரையில் தூரத்துத் தூணைப் பார்த்து ‘இது எஃப்5’, அதாவது உச்ச வலிமை, என்று கத்துவார்கள். டெட் ஃபுஜிடா 1971இல் வகுத்த அந்த அளவுகோல் காற்றை அளப்பதே இல்லை. காற்று போன பிறகு வீடுகளும் மரங்களும் எப்படிச் சிதைந்தன என்று பார்த்துப் போடுவது. 2007இல் அதைத் திருத்தி இஎஃப் என்று ஆக்கிய பிறகும் அதுதான் முறை. ஃபுஜிடாவே சிதைவைப் படிப்பதில் மேதை. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் மரங்கள் சாய்ந்த திசைகளை ஆராய்ந்தவர். டொர்னேடோ அறிவியலின் மிகப் பெரிய பெயரான அவர் தன் கண்ணால் முதல் டொர்னேடோவைப் பார்த்தது 1982இல்தான். ஒரு தெருவில் ஒரு வீடு தரைமட்டமாகி அடுத்த வீடு அப்படியே நிற்பது ஏன் என்பதற்கும் அவர் விளக்கம் தந்தார்: பெரிய சுழலுக்குள் சின்னச் சின்னச் சுழல்கள் ஓடுகின்றன, அவற்றின் பாதையில் விழுந்த வீடு போகிறது. எந்த வீடு என்பதில் நியாயமோ அநியாயமோ இல்லை. படங்கள் இதை மறந்து, கெட்டவனைத் தேடிப் போய்க் கொல்லும் டொர்னேடோவை வைக்கும்போது எனக்குச் சலிப்பாக இருக்கும். ‘ட்விஸ்டர்’ படத்தில் கறுப்பு வண்டியில் வரும் போட்டிக்காரரின் முடிவு அப்படிப்பட்டது.

மூன்றாவது பொய் ஆபத்தானது. ‘ட்விஸ்டர்’ உச்சக்காட்சியில் நாயகனும் நாயகியும் தண்ணீர்க் குழாயில் தோல்வாரால் தங்களைக் கட்டிக்கொண்டு, டொர்னேடோவின் உட்புறத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். காற்று தூக்கிச் செல்வது டொர்னேடோவின் ஆபத்தில் ஒரு பாதிதான். கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் பலகையும் கண்ணாடியும் தகரமும். வார் அறாமல் இருந்தாலும் ஆள் பிழைக்க மாட்டார். காணொளி எப்படி உயிரை வாங்கும் என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. 1991இல் கன்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு தொலைக்காட்சிக் குழுவும் சில பயணிகளும் மேம்பாலத்தின் அடியில் பதுங்கித் தப்பித்த காட்சி எங்கும் ஒளிபரப்பானது. பாலத்தடி பத்திரமான இடம் என்று பலர் நம்பினார்கள். உண்மையில் அங்கே காற்று குறுகி வேகம் கூடும், சிதிலங்கள் உள்ளே பாயும். 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் அப்படிப் பதுங்கியவர்களில் மூவர் இறந்தார்கள். அன்றைய டொர்னேடோவில் நடமாடும் ரேடார் அளந்த வேகம் மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேல்.

ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய பொய், திரையில் டொர்னேடோ எப்போதும் தெளிவாகத் தெரிவதுதான். பார்க்க முடிவதால்தான் இந்தப் படங்கள் கவர்கின்றன என்றேன். நிஜத்தில் அதிக ஆபத்தானது பார்க்க முடியாத டொர்னேடோ: மழைத்திரைக்குள் மறைந்தது, இரவில் வருவது, காட்டுக்குப் பின்னால் வருவது. 1925இல் அமெரிக்காவின் மூன்று மாநிலங்களைக் கடந்து 695 பேரைக் கொன்ற டொர்னேடோவைப் பலர் அடையாளமே காணவில்லை. உருண்டு வரும் இருட்டு மேகமாகத்தான் தெரிந்தது. துரத்தல் படங்கள் ஏன் ஒக்லஹோமாவையே சுற்றுகின்றன? நிலம் தட்டை, மரம் குறைவு, பல இடங்களில் மைலுக்கு ஒரு சாலை என்று சதுரங்கக் கட்டம் போட்டதுபோல் வழி. புயலைச் சுற்றிச் சுற்றி வரலாம். அமெரிக்காவின் தென்கிழக்கில் காடும் மேடும் இரவு நேரத் தாக்குதலும் அதிகம். அங்கே துரத்துவதும் கடினம், படமெடுப்பதும் கடினம். வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த டொர்னேடோ 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கியது. சுமார் 1,300 பேர் மாண்டார்கள். துரத்தல் படங்களின் உலகில் அந்த இடத்துக்கு வழியே இல்லை. துரத்துவதற்கு ரேடாரும் சாலையும் பெட்ரோலும் ஓய்வும் வேண்டும்.

‘ட்விஸ்டர்ஸ்’ பிறர் அழிவை வேடிக்கை பார்க்கும் கூச்சத்தைக் கொஞ்சம் உணர்ந்த படம். இயக்குநர் லீ ஐசக் சங், அதற்கு முன் ‘மினாரி’ எடுத்தவர். மண்ணோடு வாழும் குடும்பங்களை அறிந்தவர். வீடிழந்தவர்களின் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கத் துடிக்கும் ஒருவர் அதில் வருகிறார். யூடியூபில் வேடிக்கை காட்டும் துரத்தல் கூட்டமோ சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கிறது. நல்ல திருப்பம். ஆனால் நாயகி வேதிப்பொருளைத் தூவி டொர்னேடோவையே அடக்கப் பார்க்கிறாள். ஒரு சூப்பர்செல்லின் ஈரத்தை உறிஞ்ச எத்தனை லாரி பொருள் வேண்டும் என்று யோசித்தாலே அது கற்பனை என்பது விளங்கும். அதைவிட, 1996 படத்தின் ஆட்கள் டொர்னேடோவைத் தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தார்கள். அந்த ஆசை எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது. நடுவில் 2014இல் வந்த ‘இன்டு தி ஸ்டார்ம்’ காட்டியதெல்லாம் எண்ணிக்கை: இரண்டு, மூன்று, தீப்பிடித்த ஒன்று. அதிலும் ஒரு காட்சி தேறும். கவச வண்டியோடு மேலே இழுக்கப்பட்டவர் மேகத்துக்கு மேலே போய், அமைதியான வெயிலை ஒரு கணம் பார்த்துவிட்டு விழுவார். நடக்காத விஷயம்தான், ஆனால் மருட்கை.

இன்னொன்றைக் கவனியுங்கள். ‘ட்விஸ்டர்’ படத்தில் திறந்தவெளித் திரையரங்கில் ‘தி ஷைனிங்’ ஓடிக்கொண்டிருக்க, டொர்னேடோ வந்து திரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ‘ட்விஸ்டர்ஸ்’ உச்சக்காட்சியில் ஊர்மக்கள் ஒளிந்திருக்கும் திரையரங்கில் 1931ஆம் ஆண்டின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஓடுகிறது; திரையிருந்த சுவர் போய், அந்தச் சட்டத்துக்குள் நிஜ டொர்னேடோ தெரிகிறது. இரண்டு படங்களும் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்துச் செய்யும் கிண்டல் இது. ‘பத்திரமான தூரம்’ என்ற வழக்கமான விளக்கத்தைப் படங்களே கிழித்துப் போடுகின்றன.

திரை நிஜத்தையும் மாற்றியது. ‘ட்விஸ்டர்’ வந்த பிறகு ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வானிலையியல் படிக்க வந்தவர்கள் கூடினார்கள். நாயகன் பில் பாக்ஸ்டன் 2017இல் இறந்தபோது, சேஸர்கள் தங்கள் ஜிபிஎஸ் புள்ளிகளைக் கொண்டு வரைபடத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகளை வரைந்து அஞ்சலி செலுத்தினார்கள். கூடவே சாலைகளில் கூட்டமும் சேர்ந்தது. 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் டொர்னேடோ மழைக்குள் மறைந்து, திடீரென்று 4.2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பருத்து, திசை மாறியது. பதிவானவற்றிலேயே அதுதான் அகலமானது. அதில் டிம் சமராஸ், அவர் மகன் பால், சக ஆய்வாளர் கார்ல் யங் மூவரும் இறந்தார்கள். அதுவரை துரத்தலில் நேர்ந்த சாவுகள் சாலை விபத்துகளாகத்தான் இருந்தன. எச்சரிக்கைக்குப் பெயர்போன ஒருவரை டொர்னேடோவே கொன்றது சேஸர் உலகத்தை உலுக்கியது. சேதத்தை வைத்து அதற்குக் கிடைத்த எண் வெறும் இஎஃப்3.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், முதலில் ‘ட்விஸ்டர்’, அதையும் பெரிய திரையில், நல்ல ஒலியோடு. அடுத்து ‘ட்விஸ்டர்ஸ்’. பிறகு யூடியூபில் சேஸர்களின் வெட்டப்படாத நீண்ட காணொளி ஏதாவது ஒன்று. முதல் 40 நிமிடம் ஒன்றுமே நடக்காது, வயலும் மேகமும்தான். அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் உங்களுக்குப் பிடித்தது இடிபாடு அல்ல, வானம். நேரிலேயே பார்க்கும் ஆசை அப்போதும் இருந்தால், மே, ஜூன் மாதங்களில் அமெரிக்கச் சமவெளியில் அனுபவசாலிகளே வேனில் கூட்டிப்போகும் சுற்றுலாக்கள் இருக்கின்றன. வாரக்கணக்கில் சுற்றியும் ஒரு டொர்னேடோகூடக் கண்ணில் படாமல் திரும்புகிறவர்கள் உண்டு; அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.